நெருக்குவாரம்: சொல்லும் பொறுப்பும்

தவறொன்று செய்தவரிடம் அதற்குக் காரணம் கேட்கப்படும்போது, ஈழத்துத் தமிழ்ப் பேச்சு வழக்கிலே மிக எளிதாக வந்து வாய்க்கும் விடைகளுள் ஒன்று, "சரியான நெருக்குவாரம், அதுதான்" என்பது. வாசித்துப் பாராது கடன் பத்திரத்திலே கையொப்பமிட்டவர் இதனைக் கூறுவர். மனம் ஒவ்வாத திருமணத்துக்கு இசைந்தவர் கூறுவர். பரீட்சை மண்டபத்தில் துண்டுக் கடதாசியுடன் அகப்பட்டவர் கூறுவர். தாம் நம்பாத அறிக்கையின் அடியிலே பெயரெழுதிய அதிகாரியும் கூறுவர். கேட்பவரும் பெரும்பாலும் அவ்விடையோடு அமைந்துவிடுகின்றார். எவர் நெருக்கினார், எதனைக் காட்டி நெருக்கினார், நெருக்கப்பட்டவர் எவ்விடத்தில் இடங்கொடுத்தார் என்னும் வினாக்கள் எழுவதில்லை. வினாக்களை எழாது தடுக்கும் ஆற்றலை ஒரு சொல் பெற்றுவிடுமாயின், அச்சொல்லைச் சற்றே நிறுத்திவைத்து விசாரிப்பது ஒழுக்கவியலுக்கு உரிய பணியேயாகும்.

இச்சொல்லின் அடி 'நெருக்கு' என்னும் வினை. அழுத்துதற் பொருள் தரும் தமிழ் வினைகள் பல இணை இணையாகவே நிற்பன. நெருங்கு, நெருக்கு, அமுங்கு, அமுக்கு, ஒடுங்கு, ஒடுக்கு, அடங்கு, அடக்கு, நசுங்கு, நசுக்கு, அழுந்து, அழுத்து. மெல்லினம் நின்ற வடிவம் படுபவனைக் காட்ட, அவ்விடத்து வல்லினம் இரட்டித்த வடிவம் படுத்துபவனைக் காட்டுகின்றது. தன்வினை, பிறவினை என இலக்கணகாரர் இவற்றைப் பெயரிட்டு அப்பாற் செல்வர். ஆயினும் இவ்விணைகளிலே ஓர் அறிவு பொதிந்திருக்கின்றது: அமுங்குபவன் ஒருவன் உளனாயின் அமுக்குபவன் ஒருவனும் உளன். தமிழைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தை இதனை எவரும் கற்பியாமலே அறிந்துகொள்கின்றது. வினை பெயராகும்போதுதான் இவ்வறிவு கைநழுவுகின்றது. 'அவர்கள் என்னை நெருக்கினார்கள்' என்பதில் இருவர் உளர். 'நெருக்குவாரம் வந்தது' என்பதிலோ எவருமிலர். மழை வந்தது, காய்ச்சல் வந்தது என்பது போல அது வந்தது.

'நிர்ப்பந்தம்' என்ற சொல்லின் வரலாறு இதனினும் வியப்புக்குரியது. வடமொழியிலே அது விடாப்பிடியைக் குறிக்கும். தான் கேட்டதைப் பெறும்வரை விடாது நிற்பவனின் குணம் அது. தமிழிலே வழங்கத் தொடங்கியபின், கேட்கப்படுபவனின் நிலையைக் குறிக்கும் சொல்லாக அது மாறிற்று. 'நிர்ப்பந்தத்துக்கு உள்ளானேன்' என்கின்றோர் எவரும், மற்றொருவனின் பிடிவாதத்தினுள்ளே தாம் புகுந்து நின்றதாகக் கருதுவதில்லை. நெருக்கியவனின் குணம், நெருக்கப்பட்டவனின் விதியாக உருமாறிவிட்டது.

அன்றாட வழக்குகள் சில இதற்கு மாறாகவும் உள்ளன. செய்தியை அமுக்கினான், காசை அமுக்கினான் என்னுமிடத்து அமுக்கியவன் தெளிவாகவே நிற்கின்றான். நித்திரையில் மூச்சடைக்கும்போதுகூட, ஆளொன்று அகப்படாமையால், பேய் அமுக்கியது என்று ஒரு கர்த்தாவைத் தேடிக்கொள்வது மக்கள் வழக்கு. ஆங்கிலத்திலிருந்து வந்த 'பிறசர்' என்னும் சொல் கிளினிக் கொப்பியிலே 120/80 என்ற எண்களாகக் குடியேறிவிட்டது. எனினும், "எனக்குப் பிறசரை ஏத்தாதை" என்று மகனைக் கடியும் தாய், அவ்வெண்களுக்குப் பின்னால் ஓர் ஆளைக் கொணர்ந்து நிறுத்திவிடுகின்றாள். மருத்துவர் காணாத காரணகர்த்தாவை அவள் கண்டுவிட்டாள். 'அழுத்தம்' என்பதோ இருமுகமுடைய சொல். வெளியிலிருந்து வரும் பாரமும் அழுத்தம். அசையாத மனமும் அழுத்தம். அழுத்தந்திருத்தமாகப் பேசுபவன், அழுத்தக்காரன் என்றெல்லாம் கூறுகையில், அழுத்தப்படுவோனிடத்தும் ஒரு வலிமை உண்டென்பதை மொழி மறவாதிருக்கின்றது.

இவை யாவற்றிலும் ஆழமானது, நெருக்குவாரமும் நெருக்கமும் ஒரே அடியிற் பிறந்தவை என்னும் செய்தி. நெருங்கிய உறவினர், நெருங்கிய நண்பர் என்று எவரைக் குறிப்பிடுகின்றோமோ, மனிதனை உண்மையில் நெருக்கவல்லோர் அவர்களே. தொலைவில் உள்ளவன் அச்சுறுத்தலாம், ஆணையிடலாம். நெருக்குவதற்கு அவன் அருகில் வரவேண்டும், அல்லது அருகிலுள்ள ஒருவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் போரின் பின் பரவிய நுண்கடன் திட்டங்கள் இதனை நன்கு அறிந்திருந்தன. ஒரு சிறு குழுவின் பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்பர். ஒருத்தி தவணை தவறின் ஏனையோர் அதனைச் செலுத்தவேண்டும். வசூலிக்க வருபவர் முற்றத்திலே அமர்ந்திருந்தாற் போதுமானது. வேலிக்கு அப்பாலுள்ள அயல்வீட்டுப் பெண்ணே வந்து நெருக்குவாள். ஏனெனில் அவளும் நெருக்கப்படுகின்றாள். 2018ஆம் ஆண்டில் வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களைச் சேர்ந்த பெண்களின் ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. அயலவர் இருவருக்கிடையே முறிந்த பேச்சைத் தள்ளுபடிப் பட்டியல் எதுவும் மீட்டுக்கொடுத்திராது.

இனி, இச்சொற்கூட்டத்திலே விஞ்ஞானத்துக்குச் சென்ற ஒன்றை நோக்கலாம். இலங்கைப் பாடநூல்கள் 'அமுக்கம்' என்பதனை ஓரலகு பரப்பின்மீது செவ்வனாகத் தொழிற்படும் விசை என வரையறுக்கின்றன. இவ்வரைவிலக்கணத்தில் ஒழுக்கவியல் மாணவன் கவனிக்கவேண்டியவை இரண்டு உள. முதலாவது, விசை திசையுடையது, அது காவிக்கணியம். அமுக்கமோ திசையற்றது, அது எண்ணிக்கணியம். நிலைத்து நிற்கும் திரவத்திலே ஒரு புள்ளியிலுள்ள அமுக்கம் எல்லாத் திசைகளிலும் சமமானது என்பதனைப் பதினேழாம் நூற்றாண்டிலே பஸ்கால் விளக்கினார். ஆகவே, 'எத்திசையிலிருந்து வருகின்றது இவ்வமுக்கம்' என்ற வினாவுக்கு நீரினுள்ளே இடமில்லை. மனிதர் வாழ்விலிருந்து விசை என்னும் சொல்லை விடுத்து அமுக்கம் என்னும் சொல்லை எடுத்துக்கொண்டவுடன், திசையைக் கேட்கும் உரிமையும் கைவிடப்படுகின்றது. உவமைகள் தாம் கொணரும் ஒளியோடு இத்தகைய இருளையும் கொணர்வதுண்டு.

இரண்டாவது, பரப்பு. விசை ஒன்றாயினும் அது படும் பரப்புக் குறையும்தோறும் அமுக்கம் கூடும். கத்தியின் முதுகு வெட்டாததும் அதன் கூர் வெட்டுவதும் இதனாலேயே. தந்தையின் தொழிலும் சொந்த வீடும் ஊரிலே செல்வாக்குமுடைய மாணவனிடம் 'இதனைச் செய், இல்லையேல் எங்களோடு சேராதே' என்று கூறுவதும், மகாபொலப் பணத்தையே நம்பி, குடும்பத்திலே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்த தோட்டத் தொழிலாளியின் மகளிடம் அதனையே கூறுவதும் விசையளவில் ஒன்றாக இருக்கலாம். படும் பரப்பு ஒன்றன்று. இதனைக் கருத்திற் கொள்ளாத ஒழுக்கவியல் எதுவும் கற்றோரின் கடுமையாகவே முடியும்.

வளிமண்டலம் மனித உடலின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பாரத்துக்குச் சமமாக அமுக்குகின்றது. எவரும் அதனை உணர்வதில்லை, உள்ளிருந்தும் அதேயளவு எதிரமுக்கம் உண்டாகையால். வங்கக் கடலிலே 'தாழமுக்கம்' தோன்றியுள்ளதாக வானொலி அறிவிக்கும்போது மட்டக்களப்பார் வானத்தை நோக்குவதற்குக் காரணமும் இவ்வேறுபாடே. 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவைக் கண்டோர் அதனை மறக்கமாட்டார்கள். வேறுபாடு இல்லாதவிடத்துக் காற்று அசைவதில்லை. சமுதாயம் வேண்டுவதனையே தானும் வேண்டுகின்ற மனிதன் எந்த நெருக்குவாரத்தையும் உணர்வதில்லை. 'என்னை எவரும் நெருக்கவில்லை, நானாகவே விரும்பினேன்' என்பவன் சுதந்திரமானவனாகவும் இருக்கலாம். உள்ளும் புறமும் ஒரே அளவில் அமுக்கப்பட்டவனாகவும் இருக்கலாம். நெருக்குவாரத்தைப் பற்றி முறையிடுபவனிடத்து, குறைந்தபட்சம், இசையாத ஏதோ ஒன்று இன்னும் உயிரோடிருக்கின்றது.

ஆயின் அவன் செய்த செயலுக்கு அவனே பொறுப்பாளியா? இவ்வினாவை முறையாக எடுத்தாண்ட பழைய நூல்களுள் அரிஸ்ரோட்டிலின் 'நிக்கோமாக்கிய ஒழுக்கவியல்' முக்கியமானது. அதன் மூன்றாம் நூலின் தொடக்கத்தில் அவர் இருவகை நிலைகளை வேறுபடுத்துகின்றார். காற்று ஒருவனைத் தூக்கிச் செல்கின்றது; அல்லது அவனைத் தம் பிடியில் வைத்திருப்போர் இழுத்துச் செல்கின்றனர். இங்கே செயலின் தோற்றுவாய் முற்றிலும் வெளியில் உளது. அவன் அதற்கு எதனையும் உதவவில்லை. இது கட்டாயம். மற்றொரு நிலை புயலில் அகப்பட்ட கப்பலினுடையது. சரக்கைக் கடலில் எறிய எவரும் விரும்புவதில்லை. உயிர் பிழைக்கவேண்டி எறிகின்றனர். பெற்றோரையும் பிள்ளைகளையும் தன் கையில் வைத்துக்கொண்டு இழிசெயலொன்றைச் செய்யுமாறு கொடுங்கோலன் ஏவுவதையும் அவர் இதனோடு வைத்து நோக்குகின்றார். இத்தகையவற்றைக் கலப்புச் செயல்கள் என்பார். பொதுவாக நோக்கின் எவரும் விரும்பாதவை. அந்நேரத்தில் நோக்கின் தெரிந்தெடுக்கப்பட்டவை. ஆகவே விரும்பிச் செய்தவற்றையே அவை அதிகம் ஒத்தன. மனித இயல்பு தாங்காத அளவு நெருக்கப்பட்டோர்க்கு மன்னிப்பு உண்டு என்பதையும் அவர் ஏற்கின்றார். உடனே மற்றொன்றையும் சேர்த்துக்கொள்கின்றார்: எத்தகைய துன்பம் வரினும் செய்யத்தகாத செயல்களும் சில இருக்கலாம்.

'நெருக்குவாரம்' என்று கூறுபவர் பெரும்பாலும் கப்பலில் நின்றவரே. ஆனாற் காற்றினாற் தூக்கிச் செல்லப்பட்டவரைப் போலப் பேசுகின்றார்.

சட்டமும் இவ்விடத்திற் கறாராகவே நிற்கின்றது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையை முன்மாதிரியாகக் கொண்டு 1883இல் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது. உடனடி மரணம் நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க மிரட்டலின் கீழ்ச் செய்த செயலைக் குற்றத்திலிருந்து நீக்கும் ஏற்பாடு இவற்றில் உண்டு. கொலை அவ்விலக்கினுள் அடங்காது. முன்மாதிரியான கோவை இதற்குக் கூறிய விளக்கங்கள் சுவையானவை. கொள்ளையர் ஒரு கொல்லனைப் பிடித்து, உயிரச்சம் காட்டி, அவனுடைய கருவிகளாலேயே ஒரு வீட்டின் கதவை உடைப்பிக்கின்றனர், அவன் குற்றவாளியல்லன். ஆனால், அடிப்போம் என்ற மிரட்டலுக்கு அஞ்சி, இன்னாரென்று தெரிந்தே கொள்ளையர் கூட்டத்திற் சேர்ந்துகொண்டவன், பின்னர் 'அவர்கள் என்னை வற்புறுத்தினார்கள்' என்று கூறித் தப்பமுடியாது. கூட்டத்திற் சேர்ந்த நாள் எது, கதவை உடைத்த நாள் எது என்று சட்டம் நாட்களைப் பிரித்துக் கேட்கின்றது. ஒழுக்க விசாரணைக்கும் இக்கேள்வி மிகவும் பயன்படும்.

நாட்களை இவ்வாறு பிரித்துக் கேட்பதற்கு இராமாயணத்திலே ஒரு தகுந்த இடம் உண்டு. மாரீசன் மாயமானாகச் செல்ல விரும்பியவனல்லன். இராமனின் அம்பை முன்னரே அறிந்தவன். இராவணனுக்கு நல்லறிவு கூறித் தடுக்கவும் முயன்றவன். இராவணனோ மறுத்தாற் கொல்வேன் என்கின்றான். சென்றால் இராமன் கையிற் சாவு, செல்லாவிடின் இவன் கையிற் சாவு. இரண்டினுள் முன்னையதே மேல் எனக் கருதி மாரீசன் பொன்மானாகின்றான். நெருக்குவாரம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. கற்போர் அவன்பால் இரக்கம் கொள்வதும் இதனாலேயே. வேறு வழி அவனுக்கு இருந்ததா? சாவது ஒன்றே வழி. சாவைத் தெரிந்தெடுக்காத குற்றத்தை மற்றொருவன்மேற் சுமத்த எவருக்கும் எளிதில் உரிமையில்லை.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. அம்பு தைத்து வீழ்ந்தபின், உயிர் பிரியும் வேளையில், மாரீசன் இராமனுடைய குரலிலே கூவுகின்றான். அக்குரல் இலக்குவனைப் பர்ணசாலையிலிருந்து பிரிக்கின்றது. சீதை தனித்து நிற்கின்றாள். இப்பொழுது மாரீசனை நெருக்கியவர் யார்? இராவணன் அவனை இனிக் கொல்ல இயலாது, கொல்லுதல் முடிந்துவிட்டது. அவனுக்கு இழப்பதற்கு எதுவும் எஞ்சவில்லை. இராவணனின் சொற்களை நினைவிற் கொண்டே கூவினான் என்பது வான்மீகியின் போக்கு. மிரட்டல் இறந்தபின்னும் அதன் கட்டளை நினைவாக நின்று தொழிற்படுகின்றது. கொடுத்த வாக்கை நிறைவேற்றினான் என்று அவனுக்காக வாதிடலாம். வாளைக் காட்டிப் பெற்ற வாக்கு வாக்காகுமா என்று எதிர்வாதமும் செய்யலாம். எவ்வாறாயினும் மானாகச் சென்ற மாரீசனும் குரல் கொடுத்த மாரீசனும் ஒழுக்க நிறையில் ஒருவரல்லர். முன்னவன் நெருக்கப்பட்டவன். பின்னவன் நெருக்குவாரத்தைத் தன்னுள் வாங்கித் தன் செயலாக்கிக்கொண்டவன். சீதையின் சிறைக்குக் காரணமாயிற்று அந்தப் பின்னவனின் குரல்.

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அருச்சுனன் வினவுவதும் இதுபோன்ற ஒன்றே: விரும்பாதவனாயினும், வலிந்து ஏவப்பட்டவனைப் போல, மனிதன் பாவத்தைச் செய்வது எதனால்? கண்ணன் புறத்தே எவரையும் காட்டவில்லை. ஆசையையும் சினத்தையும் காட்டுகின்றான். நெருக்குபவனை முற்றிலும் உள்ளே கொண்டுபோய் வைக்கும் இவ்விடை முழுவதும் ஏற்கத்தக்கதன்று. இராவணனின் வாள் மாரீசனின் ஆசையன்று. எனினும் பின்னைய மாரீசனுக்கு இவ்விடை ஓரளவு பொருந்துகின்றது.

நெருக்குபவன் ஒருவன், நெருக்கப்படுபவன் ஒருவன் என்று இதுவரை கூறப்பட்டது. வாழ்விலோ இவர்களைப் பிரித்தறிவது எளிதன்று. மாலை வேளையில் யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் புறப்படும் பஸ்ஸினுள் நிற்பவர் எவரைக் கேட்டாலும் "பின்னாலை தள்ளுகினம்" என்றே கூறுவர். பொய் கூறுகின்றார் எவருமிலர். ஒவ்வொருவரும் பின்னாலுள்ளவரால் தள்ளப்படுகின்றார், முன்னாலுள்ளவரைத் தள்ளுகின்றார், தள்ளப்படுதலை முதுகு உணர்கின்றது, தள்ளுதலை மார்பு உணர்வதில்லை. சீதனம் என்னும் நிறுவனம் இந்த பஸ்ஸைப் போன்றது. மாப்பிள்ளை தாயைக் காட்டுவான். தாய் ஊர்வழக்கத்தைக் காட்டுவாள். 'இரண்டு தங்கச்சிமாருக்குக் குடுக்கவேணும்' என்று தந்தை தம் குமர்களைக் காட்டுவார். அக்குமர்களுக்கு வரும் மாப்பிள்ளைகளுக்கும் தங்கைமார் உளர். 'டொனேசன்' என்று பெயர் மாற்றிப் பணமாகக் கைமாறும்போதும் கொடுப்பவர், வாங்குபவர் இருசாராரும் நெருக்கப்பட்டோராகவே நிற்கின்றனர். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் மற்றக் கண்ணியையே காட்டுகின்றது. அதனால் அது மிக உறுதியாக உள்ளது.

இச்சங்கிலியின் உறுதியை அளந்து பார்த்தவர்களும் உளர். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரான்லி மில்கிராம் தொடங்கிய பரிசோதனைகள் உளவியல் மாணவர் அறிந்தவை. ஞாபகசக்தி பற்றிய ஆய்வென்று நம்பி வந்தோர், அடுத்த அறையிலிருந்தவருக்குத் தவறான விடைதோறும் மின்னதிர்ச்சி கொடுக்குமாறு பணிக்கப்பட்டனர். அதிர்ச்சி உண்மையானதன்று என்பதனை அவர்கள் அறியார். தயங்கியவர்களிடம் ஆய்வாளர் துப்பாக்கி எதனையும் காட்டவில்லை. தொடருமாறு கூறினார், இறுதியாக, வேறு தெரிவில்லை என்னும் பொருள்படச் சில சொற்கள் கூறினார். அவ்வளவே. 40 பேரில் 26 பேர் 450 வோல்ற்று என்று குறிக்கப்பட்ட இறுதி விசை வரை சென்றனர். பலர் வியர்த்தனர், நடுங்கினர், ஆட்சேபித்தனர். ஆட்சேபித்துக்கொண்டே விசையை அழுத்தினர். 'அழுத்தினர்' என்பதன் எழுவாய் அவர்களே என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

இவ்வாய்வை எடுத்துக்காட்டி, மனிதன் சூழ்நிலையின் கைப்பாவை என்று முடிபு கட்டுவோர் அதன் மறுபாதியை வாசிப்பதில்லை. மற்றொரு பரிசோதனையில், உடனிருந்து அதிர்ச்சி கொடுப்போர் போல நடித்த இருவர் இடைநடுவில் எழுந்து, இனித் தொடரமாட்டோம் என மறுத்தனர். அப்போது 40 பேரில் 4 பேர் மாத்திரமே இறுதிவரை சென்றனர். சொலமன் ஆஷ் 1950களில் நடத்திய கோட்டுப் பரிசோதனைகளிலும், கூட்டம் முழுவதும் தவறான கோட்டைக் காட்ட ஒரேயொருவர் சரியானதைக் காட்டியவுடன், கூட்டத்துக்கு இணங்குவோர் தொகை பெரிதும் வீழ்ந்தது. நீரமுக்கத்துக்கும் மனித அமுக்கத்துக்கும் உள்ள பெருவேறுபாடு இதுவே. இருபது அடி ஆழத்தில் ஒரு நீர்த்துளி மறுத்து நின்றால் அடுத்த துளிக்கு அதனால் எதுவும் ஆவதில்லை. மனிதர் நடுவில் ஒருவரின் மறுப்பு அடுத்தவர்மீதுள்ள பாரத்தைக் குறைத்துவிடுகின்றது. ஆகவே இணங்குதலும் தனிப்பட்ட செயலன்று. இணங்கும் ஒவ்வொருவரும் அடுத்தவர் தாங்கவேண்டிய அமுக்கத்திலே தம் பங்கைச் சேர்க்கின்றனர்.

இவ்விடத்துச் சார்த்தரின் கடுமையைக் கைக்கொள்ளுதல் எளிது. போர் மூண்டால் அப்போருக்கும் நானே பொறுப்பாளி என்று கூறும் அளவுக்கு அவர் 1943இல் வெளிவந்த 'இருப்பும் இன்மையும்' என்னும் நூலிற் சென்றார். அடிமையாக வாழ்ந்த எபிக்ரீற்றசும், காலுக்கு விலங்கிடலாம், சித்தத்துக்கு இடமுடியாது என்ற நிலைப்பாட்டினர். அடிமை தன்னைப் பற்றி அவ்வாறு கூறுதல் வீரம். அடிமைக்கு அவ்வாறு உபதேசித்தல் வேறொன்று. பரப்புக் குறைந்த இடத்தில் விழும் விசையைப் பற்றி முன்னர்க் கூறப்பட்டது இவர்களுக்கு எதிரான நியாயமாக என்றும் நிற்கும். தவணைப் பணத்துக்காக அயல்வீட்டுப் படலையிலே நின்ற பெண்ணின் முன்னாலே 'நீ சுதந்திரமானவள்' என்று உரைப்பதற்கு மெய்யியல் கற்றிருக்கவேண்டியதில்லை, கூச்சமின்மை போதும்.

ஆகவே நெருக்குவாரம் பொய்யன்று, பொறுப்பும் பொய்யன்று. எந்தக் கணம்வரை ஒன்று, எந்தக் கணத்தின்பின் மற்றொன்று என்பதே ஆராயப்படவேண்டியது. இதற்கான சான்றைத் தேடி இச்சஞ்சிகையின் வாசகர் தொலைவிற் செல்லவேண்டியதில்லை.

'பகிடிவதை' என்னும் சொல்லே இரண்டு பேரால் ஆக்கப்பட்டது போன்றது. பகிடி என்பது செய்பவனின் பாதி. வதை என்பது படுபவனின் பாதி. 1997இல் ஒரு பொறியியற்பீட மாணவர் இதனால் உயிரிழந்ததை அடுத்து, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவகங்களில் இதனைத் தடைசெய்தது. உடலூறும் உள ஊறும் மாத்திரமன்றி, மன வேதனையும் அச்சமும் விளைவிக்கும் செயல்களையும் அச்சட்டம் பகிடிவதையென வரையறுக்கின்றது. சட்டம் வந்தபின்னரும் வழக்கம் நின்றுவிடவில்லை.

முதலாம் வருட மாணவனின் நிலை ஐயத்துக்கிடமின்றி நெருக்குவாரமே. எந்த உடை, எந்தப் படிக்கட்டு, எவரோடு பேச்சு என்பனவெல்லாம் அவனுக்கு விதிக்கப்படுகின்றன. மறுப்பவனுக்கு அடி விழலாம், விழாமலும் விடலாம்; 'அன்ரிராக்' என்ற பட்டம் நிச்சயம் விழும். பழைய குறிப்புகள் அவனுக்குக் கிடையா, சங்கங்களில் இடமிராது, சிற்றுண்டிச்சாலை மேசையில் அவன் அமர்ந்தவுடன் மற்றோர் எழுந்துவிடுவர். ஊரை விட்டு வந்த இருபது வயதினனுக்கு இது சிறிய தண்டனையன்று. நெருக்கத்தை மறுப்பதே இங்கு நெருக்கும் முறை. அவன் தலைகுனிந்து பாடச் சொன்னதைப் பாடினால், மானாகச் சென்ற மாரீசனுக்குரிய இரக்கம் அவனுக்கும் உரியது. அவ்வேளையில் அவ்வழியாற் கோப்புகளுடன் சென்ற விரிவுரையாளர் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தமைக்கும் ஒரு நெருக்குவாரம் காரணமாகக் கூறப்படும். அவர் நின்ற பரப்பு அத்துணைக் குறுகியதன்று.

ஓராண்டு கழிகின்றது. குனிந்து நின்றவன் இரண்டாம் வருடத்தவனாகின்றான். இப்பொழுது அவனுக்குக் குறிப்புகள் உண்டு, மேசை உண்டு, நண்பர் உண்டு. அவனை நெருக்கியோரிற் பலர் இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கின்றனர், சிலர் வெளியேறிவிட்டனர். புதியவர்களை வதைக்காவிடின் சக மாணவர் 'பயந்தவன்' என்று நகைக்கலாம், அது உண்மை. ஆயின் அந்த நகைப்பை இரண்டு பேர் சேர்ந்து மறுத்தால் அது எவ்வளவு விரைவாக வலிமையிழக்கும் என்பதற்கு மில்கிராமின் எண்கள் உள. அம்பு தைத்து ஓராண்டாயிற்று. இருந்தும் அவன் படிக்கட்டின் கீழே நின்று, எவருடைய குரலிலோ கூவுகின்றான்.

மாதங்கள் சென்று, முறைப்பாடு கிடைத்து, விசாரணைக் குழுவின் முன் அவன் அழைக்கப்படும்போது, கொடுக்கும் எழுத்து வாக்குமூலத்திலே 'நெருக்குவாரம்' என்ற சொல் முதல் வரியிலேயே இடம்பெறுகின்றது. படிக்கட்டின் கீழே நின்றபோது அச்சொல் அவன் வாயில் வரவில்லை. அங்கே வந்தவை ஏவல் வினைகள்: நில், குனி, பாடு, திருப்பிச் சொல். அவற்றைக் கேட்டு நின்றவனுக்கு, ஏவியவர் யார் என்பதில் எந்த ஐயமும் இருக்கவில்லை.